ஜுகாட்னு சொல்லாதீங்க

ஊர்ப்பக்கம் எவனாவது ஒரு மெஷினை வெட்டி ஒட்டித் தனக்குத் தோதா மாத்திட்டான்னா, நகரத்துல இருந்து ரெண்டு பாராட்டு தவறாம வரும். ஒண்ணு, "செம ஜுகாட்". இன்னொண்ணு, "கிராமத்து ஜி.டி. நாயுடு". போன் எடுத்து ஒரு நிமிஷம் வீடியோ பிடிப்பாங்க, பின்னாடி ஒரு பாட்டைச் சேர்த்துப் போட்டுடுவாங்க. அந்த மெஷின் எதுக்கு, என்ன கோளாறு இருந்தது, எதை மாத்தினோம், ஏன் மாத்தினோம்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. ரெண்டு பாராட்டும் எனக்கு வேணாம். ஏன்னு சொல்றேன்.

எங்க பக்கம் "ஒப்பேத்துறது"ன்னு ஒரு சொல் இருக்கு. வண்டியில போல்ட் விழுந்து போச்சு, கம்பியை முறுக்கிக் கட்டி வீடு வந்து சேர்ந்தோம், அது ஒப்பேத்துறது. நாளைக்குப் போல்ட் போட்டே ஆகணும்னு கட்டினவனுக்கே தெரியும். "திருத்துறது" அப்படி இல்ல. செஞ்சவன் விட்ட கோளாறைக் கண்டுபிடிச்சு, அளந்து, கணக்குப் பார்த்து, அது திரும்ப வராதபடி செய்யறது. ரெண்டையும் ஒரே இந்திச் சொல்லுக்குள்ள போட்டு அமுக்கினா, ரெண்டாவது செஞ்சவனுக்கு முதலாமவன் கூலிதான் கிடைக்கும். கிடைக்குது.

வெறும் பேச்சா வேணாம், ஒரு மெஷினையே எடுத்துக்கலாம். தகர வேலை செய்யற இடத்துல பீடிங் மெஷின்னு ஒண்ணு இருக்கும். ரெண்டு தண்டு, ஒண்ணு மேல ஒண்ணு. பின்பக்கம் பல்சக்கரம், முன்பக்கம் ஆளுக்கொரு உருளை. மேல் உருளையில ஒரு மேடு, கீழ் உருளையில அதுக்குத் தக்க பள்ளம். நடுவுல தகரத்தை விட்டு, மேல இருக்கிற திருகை இறுக்கி, கைப்பிடியைச் சுத்தினா தகரத்துல நீளமா ஒரு வரி விழும். அவ்வளவுதான். அந்த வரி அழகுக்குன்னு நினைக்காதீங்க. மளிகைக் கடையில 15 கிலோ எண்ணெய் டின்னைப் பார்த்திருப்பீங்க, பக்கத்துல அச்சு அமுக்கி இருக்கும். 200 லிட்டர் பீப்பாயில சுத்தி ரெண்டு வளையம் புடைச்சு நிக்கும். அதெல்லாம் இல்லன்னா அந்தத் தகரம் தட்டினா உள்ள போய், விட்டா வெளிய வந்து, டொக் டொக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும்.

காலண்டர் தாள் ஒண்ணைக் கிழிச்சு ரெண்டு டம்ளருக்கு மேல பாலம் மாதிரி வைங்க. தொய்ஞ்சு விழும். அதையே விசிறி மாதிரி மடிச்சு வைங்க, மேல பேனாவே வைக்கலாம். தாள் அதே தாள்தான். லண்டன்ல ஹென்றி பால்மர்ங்கிறவர் 1829-லயே நெளித்தகடுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட ஜெர்மனியில யுங்கர்ஸ் கம்பெனி ஆகாய விமானத்தோட உடம்பையே நெளித்தகட்டுல செஞ்சாங்க. நம்ம ஊர் மோட்டார் கொட்டாய்க் கூரையும் அந்தக் குடும்பம்தான்.

கணக்கு சுலபம். தட்டைத் தகடு வளையாம நிக்கிற வலு, கனத்தோட மும்மடி. கனம் ரெண்டு பங்கானா வலு எட்டு பங்கு. ஆனா எடையும் ரெண்டு பங்கு, காசும் ரெண்டு பங்கு. வரி போட்டா எடை ஏறாம வலு ஏறும். எட்டடிக்கு மூணடி ஜிஐ ஷீட் ஒண்ணை உருட்டி நெல் தொட்டி செய்யறீங்கன்னு வைங்க. 20 கேஜ் தகடுன்னா ஏறக்குறைய 16 கிலோ, 24 கேஜுன்னா 10 கிலோ. வரி போட்ட 24 கேஜ், தட்டை 20 கேஜை விட நல்லா நிக்கும். ஒரு தொட்டிக்கு ஆறு கிலோ இரும்பு மிச்சம். இதுல ஏறக்குறைய மூணு மூட்டை நெல் பிடிக்கும். தொம்பையும் குதிரும் போன வீடுகள்ல மூட்டையைத் தரையில பலகை மேல அடுக்கறோம், எலிக்குப் பாதி, நமக்குப் பாதி.

இப்ப மெஷினுக்கு வருவோம். வீட்டுப் பட்டறைக்குன்னு விக்கிற மெஷின்ல பெரும்பாலும் தாடை ஆழம் 18 அங்குலம். மூணடி தகடுக்கு இது கச்சிதம், ரெண்டு பக்கத்துல இருந்தும் விட்டா நடு வரைக்கும் வரி எட்டும். நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதும் அப்படித்தான். கோளாறு எங்கன்னா, அந்தத் தாடை ஒரே தட்டைப் பலகையில 'சி' எழுத்து மாதிரி வெட்டினது. திருகை இறுக்க இறுக்க உருளை தகரத்தை அமுக்கறதுக்குப் பதிலா தாடை வாயைப் பொளக்கும், கொஞ்சம் பக்கவாட்டிலயும் முறுக்கிக்கும். வரி ஒரு இடத்துல ஆழமா, ஒரு இடத்துல மேலோட்டமா விழும். தகரம் கோணலா நடக்கும். தகரத்துக்கு முதுகெலும்பு போடறதுக்குன்னே பிறந்த மெஷின், அதுக்கே முதுகெலும்பு இல்ல! செஞ்சவங்களுக்கு இது தெரியாம இருக்காது. இரும்பு மிச்சம் பிடிச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

திருத்தினது இப்படி. பழைய லாரி சேசிஸ்ல வெட்டின சேனல் துண்டு, மேல் தாடைக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணு, பின்பக்கம் நெட்டுக்குத்தா ஒண்ணு. வெல்டிங்கை ஒரே ஓட்டமா ஓட்டினா சூட்டுல பலகை வளைஞ்சு தண்டு ரெண்டும் நேர்கோட்டை விட்டுப் போயிடும். அதனால ஒரு அங்குலம் இங்க, ஒரு அங்குலம் அங்க, ஆற விட்டு, தண்டைப் போட்டுச் சுத்திப் பார்த்து, திரும்ப ஒரு அங்குலம். ஒரு பகல் முழுக்க இதுக்கே போச்சு. தண்டு உக்கார்ற ஓட்டையில வெறும் இரும்பு மேல இரும்பு சுத்திக்கிட்டிருந்தது. அதைப் பெரிசாக்கி கன்மெட்டல் புஷ் போட்டு, கிரீஸ் போக வழி வெச்சாச்சு. ஆட்டம் நின்னுது.

அடுத்தது உருளை. மேட்டோட விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. அது ஜிஐ தகடு மேல இருக்கிற துத்தநாகப் பூச்சைக் கீறும். புதுத் தொட்டி பளபளன்னு இருக்கும், அடுத்த மழைக்காலம் முடியறப்ப வரி ஓடின இடமெல்லாம் துரு. திண்டிவனத்துல லேத் பட்டறை வெச்சிருக்கிற அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். "அண்ணே, முனையைக் கொஞ்சம் உருட்டி விடுங்க"ன்னேன். அவர் முனையை விட்டுட்டுப் பள்ளத்தை அளந்தார். "தம்பி, மேடு ஆறு மில்லி, பள்ளம் ஆறரை. நடுவுல தகரம் எங்க போவும்?"னார். 24 கேஜ் தகடு 0.56 மில்லி. ரெண்டு பக்கமும் சேர்த்து 1.12. அப்ப ஆறு மில்லி மேட்டுக்குப் பள்ளம் குறைஞ்சது 7.2 வேணும், இல்லன்னா தகரம் வளையாது, நசுங்கும். அந்த அண்ணன் எட்டாவது வரைக்கும் படிச்சவர். இது ஜுகாட்டா?

கைப்பிடி விஷயம் இன்னும் கொடுமை. சுத்தறதுக்கு ஒரு கை வேணும், எட்டடித் தகரத்தை நேரா ஓட்ட ரெண்டு கை வேணும். மூணு கையோட எங்க ஊர்ல யாரும் பிறக்கல. ஆள் கூப்பிட்டா அன்னைக்குக் கூலி. அதனால அரை குதிரைத்திறன் மோட்டார், வேகம் குறைக்கிற கியர்பெட்டி, காலால மிதிக்கிற சுவிட்ச். உருளை 60 மில்லி விட்டம், நிமிஷத்துக்கு 20 சுத்து. அப்படின்னா தகரம் நிமிஷத்துக்கு நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவா நகரும். அதுக்கு மேல வேகம் வேணாம். கால் எடுத்தா அந்த இடத்துலயே நிக்கணும், ஏன்னா உருளை தகரத்தை இழுக்கிற மாதிரியே விரலையும் இழுக்கும். கையுறை போட்டுக்கிட்டு இந்த மெஷின் பக்கம் போகவே கூடாது, உறையைப் பிடிச்சுக்கிட்டுக் கையை உள்ள கொண்டு போயிடும். கடைசியா, வரி கோணாம ஓட ஒரு ஓரத்தாங்கி, முன்ன பின்ன நகர்த்தற மாதிரி.

இதெல்லாம் போட்ட பிறகும் வேலை தெரிஞ்ச கை வேணும். ஒரே இழுப்புல ஆழமா போட்டா தகரம் சுருங்கி நெளிஞ்சு போகும். ரெண்டு மூணு ஓட்டத்துல கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். உருட்டின தொட்டியில மூட்டு மடிப்பு வர்ற இடத்துல நாலு அடுக்குத் தகரம் இருக்கும், அங்க திருகைத் தளர்த்தி, தாண்டினதும் இறுக்கணும். வரியைக் கணக்கில்லாமப் போட்டாலும் வம்பு. தானியம் சுவரை உரசிக் கீழ இழுக்கும், படுக்கை வரி நிறைய இருந்தா சுவர் துருத்தி மாதிரி அமுங்கும். நெடுஞ்சாலையில போறப்ப பெரிய ஆலைகள்ல நெளித்தகட்டு சைலோ பார்த்தா உத்துக் கவனிங்க, நெட்டுக்குத்தா கால் கொடுத்திருப்பாங்க. மூணு மூட்டைத் தொட்டிக்கு அது வேணாம், முப்பது மூட்டைக்கு வேணும்.

இவ்வளவும் கணக்கு, அளவு, பொருளறிவு. இதுக்குத் தமிழ்ல பொறியியல்னு பேர். கல்லூரிக் கட்டடத்துக்குள்ள நடந்தா அந்தப் பேர், கொட்டாய்க்குள்ள நடந்தா ஜுகாட்டா?

திண்டிவனத்துல இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை எடுத்துக்குங்க. மல்லாட்டை போடறவங்களுக்கு டிஎம்வி 2, டிஎம்வி 7 எல்லாம் வீட்டுப் பிள்ளை பேரு மாதிரி. (நகரத்து நண்பர்களுக்கு: மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக் கொட்டை எங்க வாயில அப்படி ஆச்சு.) டிஎம்வின்னா திண்டிவனம். 1940-ல வந்த டிஎம்வி 2, குடியாத்தம் கொத்துங்கிற கடலையில இருந்து நல்ல செடிகளைப் பொறுக்கிப் பொறுக்கித் தேர்ந்தெடுத்த ரகம். இருந்ததை எடுத்து, குறையைப் பார்த்து, திருத்தினாங்க. அதுக்கு நம்பர் கொடுத்து, பேர் வெச்சு, நாடு முழுக்கக் கொண்டு போனாங்க. அதை யாரும் விதை ஜுகாட்னு சொல்லல. சரியாத்தான் செஞ்சாங்க. அதே மரியாதை உருளையைத் திருத்தினவனுக்கும் வேணும்னுதான் கேக்கறேன்.

ஜி.டி. நாயுடு பேச்சும் அப்படித்தான். அவர் பெரிய ஆள், சந்தேகமே இல்ல. ஆனா அவர் ஆகாயத்துல இருந்து குதிக்கல. 1937-ல இந்தியாவோட முதல் மின்மோட்டார்னு சொல்றோமே, அதுல டி. பாலசுந்தரம் நாயுடுவும் கூட இருந்தார். சுத்தி கோயம்புத்தூர்ல நூல் மில்லு, வார்ப்படப் பட்டறை, லேத்து, கிணத்துக்கு மோட்டார் வாங்கக் காத்திருந்த விவசாயி, எல்லாம் இருந்தது. ஒரு பட்டறை இன்னொரு பட்டறையைத் தூக்கி விட்டது. எங்க விழுப்புரம் பக்கம் ஒரு புஷ் கடையணும்னா ஒரு நாள் பஸ்ல போயிடுது. தனி ஆளை மேதைன்னு தூக்கி வெச்சுட்டா, அவனைச் சுத்தி என்ன இல்லைங்கிறதைப் பேச வேண்டியதே இல்ல பாருங்க, அதுல ஒரு சௌகரியம் இருக்கு.

காசு எங்க போகுதுன்னும் பார்க்கணும். 2014-15-ல இருந்து வேளாண் இயந்திரமயமாக்கலுக்குன்னு ஒன்றிய அரசோட துணை இயக்கம் ஒண்ணு நடக்குது. சிறு குறு விவசாயி, பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி விவசாயிகளுக்குப் பொதுவா பாதி விலை மானியம், மத்தவங்களுக்கு 40 விழுக்காடு. நம்ம வேளாண்மைப் பொறியியல் துறை மூலமா வருது. நல்ல திட்டம், குறை சொல்லல. ஆனா மானியம் புது மெஷினுக்கு, அதுவும் பட்டியல்ல இருக்கிற கம்பெனி மெஷினுக்கு. வாங்கின மெஷினோட தகரக் கூடு ரெண்டாவது பருவத்துல கிழிஞ்சா அதுக்கு ஒத்தைப் பைசா கிடையாது. மல்லாட்டை உடைக்கிற மெஷினைப் பக்கத்துல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், மேல் கூடு தட்டைத் தகரம், ஓடறப்ப தமுக்கு மாதிரி அதிரும். அதிர்ந்து அதிர்ந்து போல்ட் ஓட்டையில இருந்து விரிசல் கிளம்பும். குறுக்க ரெண்டு வரி போட்டா அடங்கிடும். அரை மணி நேர வேலை. இந்த அரை மணி நேரத்துக்கு அரசுக் கணக்குல ஒரு பத்தி இல்ல. லட்ச ரூபா மெஷின் கிழிஞ்ச தகரத்துக்காகக் களத்துல நிக்கறதும், அதுக்குப் பக்கத்துலயே புது மெஷினுக்கு விண்ணப்பம் வாங்கறதும் ஒரே வாரத்துல நடக்கும்.

இது உலகமெல்லாம் நடக்கிற சண்டைதான். அமெரிக்காவுல டிராக்டர் சாப்ட்வேரைக் கம்பெனி பூட்டி வெச்சுக்கிட்டு, உன் வண்டியை நீயே தொடக் கூடாதுன்னாங்க. விவசாயிங்க விடல. கொலராடோ மாகாணம் 2023-ல விவசாயக் கருவிகளைப் பழுது பார்க்கிற உரிமைக்குன்னே சட்டம் போட்டுது. இங்கயும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டப்ப, எடுத்துக்கிட்ட துறைகள்ல விவசாயக் கருவியும் உண்டு. ஆனா நகரத்துல அதைப் பத்திப் பேசினவங்க எல்லாம் செல்போன் பேட்டரியோட நிறுத்திக்கிட்டாங்க.

இனி எதிர்ப்பேச்சுக்கு வரேன். முதல் எதிர்ப்பு நியாயமானது: ஆளாளுக்கு மெஷினை மாத்தினா கை போகும், உயிர் போகும். ஒத்துக்கறேன். கதிரடிக்கிற மெஷின்லயும் தட்டை வெட்டற மெஷின்லயும் கை இழந்தவங்களை நாங்கதான் தினம் பார்க்கறோம், நீங்க இல்ல. அதனாலதான் சொல்றேன், திருத்தறதை ஒளிவுமறைவா நடக்க விடாதீங்க. வேளாண்மைப் பொறியியல் துறை ஆள் ஒருத்தர் பட்டறைக்கு வந்து பார்த்து, இது சரி, இதுக்கு மூடி போடுன்னு எழுதிக் கொடுக்கட்டும். சோதனை வேணாம்னு நான் சொல்லல. சோதனை பட்டறை வாசலுக்கு வரணும்.

ரெண்டாவது, "பிளாஸ்டிக் டிரம் வாங்கிட்டா முடிஞ்சுது, எதுக்கு இவ்வளவு பாடு?" பிளாஸ்டிக் துரு பிடிக்காது, லேசு, உண்மைதான். ஆனா எலி கடிக்கும், வெயில்ல வெளுத்து நொறுங்கும். சந்தையில மலிவா கிடைக்கிற பழைய நீல டிரம்முல முன்னாடி என்ன ரசாயனம் இருந்ததுன்னு விக்கிறவனுக்கே தெரியாது. அதுல வெச்ச அரிசியை நீங்க சாப்பிடுவீங்களா? தகரத் தொட்டிக்கும் குறை உண்டு. ஈர நெல்லைக் கொட்டி மூடினா ராத்திரி உள்சுவர் வேர்த்து, பூசணம் பிடிக்கும். நல்லா காய வெச்சு, நிழல்ல, கால் போட்டு உசரமா வைக்கணும். மல்லாட்டைக்கு இன்னும் கவனம் வேணும், பூசணம் வந்தா அஃப்ளடாக்சின்ங்கிற நஞ்சு, அது கல்லீரலுக்கு ஆகாது.

மூணாவது எதிர்ப்பு, "விளைஞ்சதும் வித்துடறதுதானே, சேமிப்பு எதுக்கு?" இதைக் கேக்கறவங்க மாசச் சம்பளக்காரங்க. அறுப்பு நேரத்துல எல்லாருடைய நெல்லும் ஒரே வாரத்துல ஒழுங்குமுறை விற்பனைக்கூட வாசல்ல நிக்கும். அன்னைக்கு என்ன விலை சொல்றானோ அதுதான். ரெண்டு மாசம் வெச்சிருக்க முடிஞ்சவன் பேரம் பேசுவான், முடியாதவன் தலையாட்டுவான். அந்த ரெண்டு மாசத்தோட விலைதான் அந்தத் தொட்டி. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம்னு எங்க பார்த்தாலும் தண்ணி. தரையில அடுக்கின மூட்டை என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டடிக் காலு வெச்ச தொட்டி எல்லா வெள்ளத்துக்கும் தாங்காது. வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி வந்த வெள்ளத்துக்குத் தாங்கும்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. இயந்திர மானியத்துல ஒரு சின்னப் பங்கை பழுதுக்கும் திருத்தத்துக்கும் ஒதுக்குங்க, உள்ளூர்ப் பட்டறை ரசீது கொடுத்தா செல்லணும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல தானியத் தொட்டிக்கும் கருவிகளுக்கும் வரைபடம் போடறாங்கல்ல, அதைத் தமிழ்ல, மில்லிமீட்டர் அளவோட, பட்டறைச் சுவத்துல ஒட்டற மாதிரி அச்சடிச்சுக் கொடுங்க. ஒன்றியத்துக்கு ஒரு நல்ல லேத்து, அதை ஓட்டத் தெரிஞ்ச ஒரு ஆளு. ஐடிஐ-ல தகட்டுவேலை ஒரு வருஷப் படிப்பா இருக்கு. படிச்சு முடிச்ச பையன் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறாம இங்கயே நிக்கிற அளவுக்கு அவனுக்கு வேலை இருக்கணும்.

வாசிக்கிற உங்ககிட்டயும் ஒண்ணு. பண்ணை வீடு கட்டறீங்க, மாடித்தோட்டத்துக்குத் தொட்டி அடிக்கிறீங்க, பழைய ஜீப்புக்குத் தரைத்தகடு மாத்தறீங்க. சோறு போடற ஓட்டல்ல பில்லை மறு பேச்சில்லாம கட்டற நீங்க, தகரப் பட்டறையில வந்து "ஒரு கோடு போடறதுக்கு இவ்வளவா?"ன்னு கேக்கறீங்க. எங்க ஊர்க்காரங்களும் சளைச்சவங்க இல்ல, அவங்களும் கேக்கறாங்க. அந்தக் கோட்டுல 7.2 மில்லிப் பள்ளம் இருக்கு, ஒரு பகல் வெல்டிங் இருக்கு, நாலு அடுக்கு வர்ற இடத்துல திருகைத் தளர்த்தத் தெரிஞ்ச கை இருக்கு. வீடியோ எடுக்கறதுக்கு முன்னாடி ரேட்டைக் கேட்டு முழுசா கொடுத்துடுங்க. மீட்டர் கணக்குல போட்டு வாங்கறோம், மூட்டு இருந்தா தனி.